சர்க்கரை அளவு, சாப்பாடு, சப்ளிமென்ட்: மருந்து கவுன்டரில் ஓயாமல் கேட்கப்படும் கேள்விகள்

மருந்துச் சீட்டை நீட்டுகிறவர்களில் பலர், பில் போடும் நேரத்தில் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்பார்கள்: "இதுக்கு இயற்கையா ஏதாவது இருக்கா?" மருந்தாளுநராக நின்று இதைக் கேட்டுக் கேட்டு, கேள்விகளை அவரவர் வார்த்தையிலேயே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். அந்த நோட்டுதான் இது. நான் மருத்துவர் இல்லை. மருந்தும் மூலிகையும் உணவும் உடம்புக்குள் சந்தித்துக்கொள்ளும்போது என்ன நடக்கும் என்பது என் தொழில். எளிய கேள்விகள் முன்னால், குழப்பமானவை பின்னால். ஒருமுறை சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் காட்டியிருக்கிறேன்.

1. வெறும் வயித்துல 112 வந்திருக்கு. எனக்கு சுகர் வந்துடுச்சா?

இன்னும் வரவில்லை. ஆனால் மடித்து அலமாரியில் வைத்துவிடும் ரிப்போர்ட்டும் இல்லை அது. எட்டு மணி நேரமாவது எதுவும் சாப்பிடாமல் ஆய்வகத்தில் எடுத்த அளவு, டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை முன்நீரிழிவு, 126 முதல் நீரிழிவு. இது அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் முன்நீரிழிவை 110இல் தொடங்குகிறது. உங்கள் 112 இரண்டு கணக்கிலும் உள்ளே வந்துவிடுகிறது.

அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு சோதனையை வைத்து முத்திரை குத்துவதில்லை. காய்ச்சல், தூக்கமில்லாத இரவு, ஸ்டீராய்டு மாத்திரை என எது வேண்டுமானாலும் அன்றைய எண்ணை ஏற்றிவிடும். மறுபடி எடுத்துப் பாருங்கள். ரிப்போர்ட்டில் 6.2 என்பது போலச் சின்ன எண் இருந்தால் பயப்பட வேண்டாம், அது வேறு அலகு. 18ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய எண் கிடைக்கும்.

2. மூணு மாச சராசரின்னு ஒரு டெஸ்ட் எழுதித் தர்றாங்களே, அது எதுக்கு?

எச்பிஏ1சி சோதனையைக் கேட்கிறீர்கள். ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிர்வாழும். அந்த நாட்களில் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடியதோ, அதற்கேற்ப அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும். 5.7 சதவீதத்துக்குக் கீழே இயல்பு, 5.7 முதல் 6.4 வரை முன்நீரிழிவு, 6.5 முதல் நீரிழிவு. டெஸ்டுக்கு முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து இதை ஏமாற்ற முடியாது.

இதற்கும் ஒரு ஓட்டை உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை இந்த எண்ணை உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம். ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கும், சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் உள்ளவருக்கும் குறைத்துக் காட்டலாம். ரத்தசோகை இருக்கிறதென்றால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லிவிடுங்கள்.

3. சர்க்கரையை விட்டே ஒரு வருஷம் ஆச்சு. காபியில கூட போடறதில்லை. அப்புறம் ஏன் ஏறுது?

நாக்குக்கு இனிப்பது வேறு, ரத்தத்துக்குள் சர்க்கரையாகப் போவது வேறு. அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் இருக்கும் மாவுச்சத்து, குளுக்கோஸைக் கோத்த சங்கிலிதான். வாயிலும் சிறுகுடலிலும் அந்தச் சங்கிலி அறுந்து குளுக்கோஸாகவே உள்ளே போகிறது. நூறு கிராம் வெந்த சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. ஒருவர் தட்டில் 300 கிராம் சோறு சர்வசாதாரணம். காபியில் விட்ட ஒரு கரண்டி நாலைந்து கிராம்தான். கணக்கு எங்கே உதைக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

4. அப்போ சோறு, ரொட்டி எல்லாத்தையும் அடியோட நிறுத்திடணுமா?

தேவையில்லை, அப்படி நிறுத்தியவர்கள் பெரும்பாலும் மூன்றாம் வாரம் திரும்பி வந்துவிடுகிறார்கள். தட்டில் பாதி காய்கறி, கால்பங்கு பருப்பு, பயறு, மீன், முட்டை போன்ற புரதம், மிச்சக் கால்பங்கு மாவுப்பண்டம். அளவுகோல், தராசு எதுவும் வேண்டாம், கண்ணால் பிரித்தால் போதும். காய்கறியில் உருளைக்கிழங்கைச் சேர்த்து எண்ணாதீர்கள்.

பழுப்பரிசிக்கு மாறிவிட்டேன் என்று நிம்மதியாக இரண்டு மடங்கு சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நார்ச்சத்து கூடுதல்தான், ஏற்றமும் சற்று மெதுவாக இருக்கும். மாவுச்சத்தின் மொத்த எடை ஏறக்குறைய அதேதான்.

5. தர்பூசணிக்கு ஜிஐ ரொம்ப அதிகம்னு படிச்சேன். தொடவே கூடாதா?

ஜிஐ என்கிற கிளைசெமிக் குறியீட்டை 1981இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு உணவிலும் ஒரே அளவு மாவுச்சத்து (பழத்தின் சர்க்கரையும் இதில் சேர்த்தி), வழக்கமாக 50 கிராம், வரும்படி கொடுத்து ரத்தத்தில் ஏறும் வேகத்தை ஒப்பிடுவதுதான் முறை. 55 வரை குறைவு, 70க்கு மேல் அதிகம். தர்பூசணி 70ஐத் தாண்டும்.

சூட்சுமம் அந்த 50 கிராமில் இருக்கிறது. தர்பூசணியில் பெரும்பகுதி தண்ணீர். அதிலிருந்து 50 கிராம் மாவுச்சத்து வேண்டுமென்றால் அரைக் கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும். ஒரு துண்டு சாப்பிடுகிறவருக்கு அந்தக் குறியீடு பெரிதாக எதுவும் சொல்லவில்லை. வேகத்தோடு அளவையும் சேர்த்துப் பார்க்கும் கணக்குக்குக் கிளைசெமிக் சுமை என்று பெயர். அதில் தர்பூசணித் துண்டு ஒன்று குறைவு என்ற வரிசையில்தான் நிற்கிறது.

6. பழம் சாப்பிடலாம்னா ஜூஸும் குடிக்கலாம்தானே? அதே பழம்தானே?

அதே பழம் இல்லை. மூன்று ஆரஞ்சு உரித்து மென்று முடிக்கக் கால்மணி நேரம் ஆகும், ஜூஸாக ஒரே மடக்கு. நார் பெரும்பாலும் வடிகட்டியிலேயே தங்கிவிடுகிறது. 2013இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, சுகாதாரப் பணியாளர்கள் 1,87,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. முழுப் பழம், குறிப்பாக புளூபெர்ரி, திராட்சை, ஆப்பிள், அதிகம் சாப்பிட்டவர்களிடம் நீரிழிவு குறைவாகவும், ஜூஸ் அதிகம் குடித்தவர்களிடம் கூடுதலாகவும் இருந்தது. இது கவனித்துப் பார்த்த ஆய்வு, காரணத்தை நிரூபித்துவிடாது. ஆனால் மேலே சொன்ன வடிகட்டிக் கதையோடு ஒத்துப்போகிறது.

7. தேன் இயற்கைதானே? பழுப்புச் சர்க்கரை?

தேன் எடையில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை. பழுப்புச் சர்க்கரை, வெள்ளைச் சர்க்கரையின் நிறம் மாறிய உறவுக்காரர். பிடித்திருந்தால் சர்க்கரைக் கணக்கில் வைத்தே சாப்பிடுங்கள்.

8. அளவைக் குறைக்கவே முடியல. அதே சாப்பாட்டுல ஏதாவது வழி இருக்கா?

இரண்டு இருக்கின்றன, இரண்டும் இலவசம். என்னிடம் கேட்டால் இந்தப் பக்கத்தில் உருப்படியான கேள்வியே இதுதான் என்பேன். முதலாவது வரிசை. காய்கறியும் புரதமும் முதலில், சோறோ ரொட்டியோ கடைசியில். 2015இல் நியூயார்க்கின் வைல் கார்னல் மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 11 பேருக்கு ஒரே உணவை இரு வரிசையில் கொடுத்துப் பார்த்தார்கள். மாவுப்பண்டத்தைக் கடைசியில் சாப்பிட்ட நாளில் சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை கணிசமாகக் குறைந்தது. பதினொரு பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் செய்து பார்க்க நஷ்டம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது நடை. நேரம் முக்கியம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 41 பேர். நாளில் ஏதோ ஒரு நேரம் 30 நிமிடம் நடந்ததையும், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் பத்து நிமிடம் நடந்ததையும் ஒப்பிட்டார்கள். மொத்த நடை ஒன்றுதான், ஆனால் பிரித்து நடந்தபோது சாப்பிட்ட பின் சர்க்கரை 12 சதவீதம் குறைவு. வேலை செய்யும் தசை, இன்சுலின் கதவைத் தட்டக் காத்திராமல் தானே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் நேராகக் கட்டிலுக்குப் போகிறவர்களுக்குத்தான் இதில் லாபம் அதிகம்.

9. ராத்திரி ரொம்பக் கம்மியா சாப்பிட்டேன். காலையில மட்டும் ஏன் ஜாஸ்தி காட்டுது?

நீங்கள் தூங்கும்போது உங்கள் கல்லீரல் தூங்குவதில்லை. விடியற்காலையில் கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை கூடும், கல்லீரல் சேமித்த சர்க்கரையை வெளியே விடும். நீரிழிவு இல்லாதவருக்கு இன்சுலின் அதைச் சரிக்கட்டிவிடும், இருப்பவருக்கு எண்ணாகத் தெரியும். இதற்காக இரவுச் சாப்பாட்டையே விட்டுவிடுவது, அதிலும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர் விடுவது, ஆபத்து. காலை எண் தொடர்ந்து அதிகமாக இருந்தால் மருந்தின் அளவையோ நேரத்தையோ மருத்துவர் மாற்றிப் பார்ப்பார்.

10. ஆற வெச்ச சோத்துல சுகர் ஏறாதாமே?

ஏறும், கொஞ்சம் குறைவாக. வெந்த மாவுச்சத்து குளிர்ந்தால் அதில் ஒரு சிறு பகுதி செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. சூடாக்கினாலும் அதில் ஒரு பகுதி அப்படியே நிற்கும். உதவி சிறியது, இதை நம்பி அளவைக் கூட்டினால் வந்த லாபம் போய்விடும். வெளியே மணிக்கணக்கில் ஆறவிடாதீர்கள். சமைத்த சோற்றில் வளரும் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி வாந்தி, பேதியைக் கொடுக்கும், அதன் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. சீக்கிரம் குளிர்பெட்டியில் வையுங்கள்.

11. சுகர் ஃப்ரீ பிஸ்கட் எத்தனை வேணா சாப்பிடலாமா?

அட்டையின் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். சர்க்கரை இல்லை என்றால் மாவு இல்லை என்று பொருள் இல்லை (கேள்வி 3). மொத்த மாவுச்சத்து எத்தனை கிராம் என்ற வரிதான் உங்களுக்கு வேண்டியது. உள்ளே இருக்கும் செயற்கை இனிப்பூட்டிகள் பொதுவாகச் சர்க்கரையை உடனே ஏற்றுவதில்லை. உடல் எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது, ஆனால் ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை.

12. சரி, மெயின் கேள்விக்கு வர்றேன். பட்டை, வெந்தயம், பாகற்காய், சிறுகுறிஞ்சான்... இதுல எதுதான் உண்மையிலேயே வேலை செய்யும்?

இந்த நான்கில் எனக்கு ஓரளவு நம்பிக்கை வெந்தயத்தில். காரணம் மர்மமானது இல்லை. அதில் கரையும் நார்ச்சத்து நிறைய. அது வயிற்றில் கூழாகி, குளுக்கோஸ் உள்ளே போகும் வேகத்தைக் குறைக்கிறது. இசப்கோல் உமியும் இதே வேலையைச் செய்கிறது, அதன்மேல் ஆய்வுகளும் நன்றாகவே உள்ளன. ஆனால் வெந்தய ஆய்வுகளில் கொடுத்த அளவு, சமையலில் போடும் சிட்டிகையைப் போலப் பல மடங்கு. நிலக்கடலை ஒவ்வாமை இருப்பவருக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கர்ப்பிணிகள் மருந்து அளவில் எடுக்கக் கூடாது.

பட்டையின் புகழ் 2003இல் 60 பேரிடம் செய்த ஓர் ஆய்விலிருந்து பரவியது. 1, 3, 6 கிராம் கொடுத்ததில் எல்லாமே குறைந்தது என்றார்கள். பிறகு வந்தவை ஒன்றுக்கொன்று முரண். பாகற்காய் பற்றிய ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 2012இல் அலசி, பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்தது. கறியாகச் சாப்பிடுங்கள், நல்ல காய். செறிவூட்டிய சாறாகக் குடிப்பது வேறு கதை: சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதி குறைவாக உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும்.

சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் சற்று நேரம் இனிப்பே தெரியாது. அதிலுள்ள ஜிம்னிமிக் அமிலம் நாக்கின் இனிப்பு உணரும் இடத்தை அடைத்துவிடுகிறது. சர்க்கரைக்கொல்லி என்ற அதன் இன்னொரு பெயர் நாக்கைப் பொறுத்தவரை நூற்றுக்கு நூறு சரி. ரத்தத்தைப் பொறுத்தவரை இருப்பவை சிறிய ஆய்வுகள்தான். இனிப்பின் மேலுள்ள ஆசையை அடக்க ஒருவருக்கு உதவினால் அதுவே ஒரு லாபம்தான், மறுக்கவில்லை.

13. பட்டை சமையல்ல போடறதுதானே? அதுல என்ன ஆபத்து வந்துடப் போகுது?

சமையலில் போடும் அளவில் ஒன்றும் இல்லை. தினமும் கரண்டி கரண்டியாக, மாதக்கணக்கில் என்றால் எந்தப் பட்டை என்று பார்க்க வேண்டும். பரவலாக விற்பது கேசியா வகை. அதில் கூமரின் என்ற பொருள் உண்டு, அளவு மிஞ்சினால் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் வரை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. 60 கிலோ ஆளுக்கு 6 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டி கேசியாத் தூளே இதைத் தாண்டிவிடக்கூடும். இலங்கைப் பட்டையில் கூமரின் மிகக் குறைவு. மெல்லிய தாள்களைச் சுருட்டியது போல அடுக்கடுக்காக இருப்பது இலங்கைப் பட்டை, தடித்த ஒற்றைச் சுருளாக இருப்பது கேசியா. தூளாக வாங்கினால் எது என்று கண்ணால் சொல்ல முடியாது.

14. பெர்பெரின் இயற்கை மெட்ஃபார்மினாமே? அதையே வாங்கிக்கட்டுமா?

மெட்ஃபார்மின் என்பது நீரிழிவுக்கு வழக்கமாக முதலில் எழுதித் தரும் மாத்திரை, பெர்பெரின் சில செடிகளிலிருந்து எடுக்கும் பொருள். சப்ளிமென்ட்களில் உண்மையிலேயே சர்க்கரையைக் குறைக்கும் பலம் உள்ளதாகத் தெரிவது இதுதான், அதனாலேயே இதைக் கண்டுதான் அதிகம் பயப்படுகிறேன். சீனாவில் நடந்து 2008இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், நாளுக்கு மூன்று முறை 500 மில்லிகிராம் கொடுத்ததில் மெட்ஃபார்மினுக்கு ஏறக்குறைய இணையாகக் குறைந்தது. ஆனால் நீண்ட காலத்தில் என்ன ஆகும், மாரடைப்பும் சிறுநீரகச் சேதமும் குறையுமா என்பதற்கு மெட்ஃபார்மினுக்கு இருப்பது போன்ற ஆதாரம் இதற்கு இல்லை.

மற்ற மருந்துகளை உடைக்கும் கல்லீரல் நொதிகளை இது தடுக்கும். கொழுப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, உறுப்பு மாற்றியவர்கள் சாப்பிடும் சைக்லோஸ்போரின் ஆகியவற்றின் அளவு ரத்தத்தில் மாறிப்போகலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் தொடவே கூடாது, சிசுவின் மஞ்சள் காமாலையை மூளையைத் தாக்கும் அளவுக்கு முற்ற வைக்கக்கூடும். மருந்தைப் போல வேலை செய்யும் பொருளுக்கு மருந்தைப் போலவே பக்கவிளைவும் உண்டு.

15. குரோமியம், மெக்னீசியம், வைட்டமின் டி?

உடம்பில் குறைவாக இருந்தால் நிரப்புங்கள், போதுமான அளவு இருந்தால் பணம் மிச்சம். வைட்டமின் டி பற்றி 2019இல் அமெரிக்காவில் 2,423 முன்நீரிழிவுக்காரர்களிடம் பெரிய ஆய்வு முடிந்தது. தினமும் 4,000 யூனிட் கொடுத்தும் நீரிழிவு வருவது குறிப்பிடும்படி குறையவில்லை. குரோமியம் குறைபாடு மிக அபூர்வம். சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் மெக்னீசியம் மாத்திரையைத் தாமாக எடுக்கக் கூடாது, வெளியேறாமல் தேங்கிவிடும்.

16. ஆப்பிள் சிடர் வினிகர் தினமும் குடிக்கிறேன். நல்லதுதானே?

வினிகரின் அசெட்டிக் அமிலம் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தி, சாப்பிட்ட பின் ஏற்றத்தைச் சற்றே தணிக்கிறது. ஆப்பிள் வினிகர்தான் என்று இல்லை, எந்த வினிகரும் இதைச் செய்யும். சாலட்டில் ஊற்றிச் சாப்பிட்டால் காயும் உள்ளே போகும். தண்ணீர் கலக்காமல் குடிப்பவர்களுக்குப் பல் எனாமல் அரிக்கும், தொண்டை எரியும். நீரிழிவால் ஏற்கெனவே வயிறு மெதுவாக வேலை செய்கிறவர்கள் விட்டுவிடுங்கள்.

17. மாத்திரை எல்லாம் கெமிக்கல். செடியிலிருந்து வர்றதுதானே உடம்புக்கு நல்லது?

மெட்ஃபார்மின் கதையைக் கேளுங்கள். கலேகா அஃபிசினாலிஸ் என்ற செடி ஐரோப்பாவில் நாட்டு மருந்தாகப் பயன்பட்டது. அதிலுள்ள கலெஜின் சர்க்கரையைக் குறைக்கும் என்று தெரிந்தது. ஆனால் அப்படியே கொடுக்க முடியாத அளவு நச்சு. அதே குடும்பத்து வேதிப்பொருள்களைத் தயாரித்துப் பார்த்ததில் பாதுகாப்பாக நின்றது மெட்ஃபார்மின். பாரிஸில் ழான் ஸ்டெர்ன் 1957இல் மனிதர்களிடம் அதன் பலனை வெளியிட்டார். அமெரிக்கா அனுமதித்தது 1994இல்தான். ஆக, இங்கே செடியில் இருந்ததுதான் விஷம், ஆய்வகத்தில் செய்ததுதான் சாது.

மாத்திரைக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். கால் மரத்துப்போவதை எல்லாம் சர்க்கரையின் தலையில் கட்டிவிடாமல் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சப்ளிமென்ட் தேவைப்படும் உண்மையான இடம் அது, கேட்டு வாங்குகிறவர்தான் குறைவு.

18. ஒரு மூலிகைப் பொடி சாப்பிட்டேன். பத்தே நாள்ல அப்படியே இறங்கிடுச்சு. அப்போ அது நிஜம்தானே?

இறங்கியது நிஜமாக இருக்கலாம். இறக்கியது எது என்பதுதான் சந்தேகம். முழுக்க இயற்கை என்று விற்ற நீரிழிவுத் தயாரிப்புகளில் கிளிபென்கிளமைடு, மெட்ஃபார்மின் போன்ற மாத்திரை மருந்துகளையே ரகசியமாகக் கலந்திருந்ததை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. 2008இன் தொடக்க மாதங்களில் சிங்கப்பூரில் நடந்தது இன்னும் மோசம். ஆண்மைக்கென்று கள்ளத்தனமாக விற்ற மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. நீரிழிவே இல்லாத 150 பேர் சர்க்கரை படுபாதாளத்துக்கு இறங்கி மருத்துவமனையில் சேர்ந்தார்கள், நால்வர் இறந்தார்கள்.

வேகமாக வேலை செய்யும் பொடி என்றாலே எனக்கு இப்போதெல்லாம் மகிழ்ச்சி வருவதில்லை. நார்ச்சத்து அந்த வேகத்தில் ஓடாது. உட்பொருள் பட்டியலும் தொகுதி எண்ணும் இல்லாத டப்பா என்றால் தூக்கிப் போடுங்கள்.

19. நேத்து 150, இந்த டீ குடிச்சதும் இன்னைக்கு 138. வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?

வீட்டுக் குளுக்கோமீட்டருக்கான சர்வதேசத் தரவிதி ஐஎஸ்ஓ 15197. அதன் 2013 பதிப்புப்படி, 100க்கு மேல் உள்ள அளவுகளில் நூற்றுக்கு 95 முறை 15 சதவீதத்துக்குள் சரியாக இருந்தால் போதும். அதாவது உண்மையில் 150 இருக்கும்போது மீட்டர் 128 என்றும் காட்டலாம், 172 என்றும் காட்டலாம். உங்கள் 138 அந்த ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. இன்னொன்று, எண் மிக அதிகமாக வந்த நாளில்தான் எல்லோரும் பயந்து புதிதாக ஒன்றைத் தொடங்குகிறோம். அடுத்த சில நாளில் அது எப்படியும் கொஞ்சம் இறங்கியிருக்கும், பெயர் டீக்குப் போகிறது.

சோதித்துப் பார்க்க ஆசை என்றால் ஒழுங்காகச் செய்யுங்கள். ஒரு வாரம் டீ இல்லாமல், ஒரு வாரம் டீயோடு. காலையில் ஒரே உணவு, ஒரே அளவு, சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து அளவு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். பழம் தொட்ட விரலில் எடுத்து 240 என்று பதறி ஓடிவந்தவர்கள் உண்டு. இரு வாரச் சராசரியை ஒப்பிடுங்கள். பிறகு மூன்றாம் வாரம் டீக்குப் பதில் பத்து நிமிட நடையை வைத்துப் பாருங்கள் (கேள்வி 8).

20. டாக்டர் மாத்திரையோட இதையும் சேர்த்துச் சாப்பிட்டா என்ன ஆகும்?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகையோ இன்சுலினோ இருந்தால், அதன்மேல் இன்னொன்றும் குறைத்தால் 70க்குக் கீழே போய்விடலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி வந்தால் உடனே 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அகார்போஸ் சாப்பிடுகிறவருக்குச் சாதாரணச் சர்க்கரை மெதுவாகத்தான் உடையும், அவருக்குக் குளுக்கோஸ்தான் வேண்டும். சிறுகுறிஞ்சான் மென்றிருந்தால் இனிப்பு தெரியாது, தெரியாவிட்டாலும் விழுங்குங்கள், வேலை செய்யும்.

இசப்கோல், வெந்தயம் போன்ற கூழாகும் பொருள்களை மாத்திரையோடு ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணி நேரம் தள்ளி, நிறையத் தண்ணீரோடு எடுங்கள். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் பட்டினி உணவுமுறை எதையும் தொடங்கக் கூடாது. சர்க்கரை எண் ஓரளவு சரியாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் சேர்ந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். அறுவை சிகிச்சை இருந்தால் சப்ளிமென்ட் விவரத்தைச் சில வாரங்கள் முன்பே சொல்லுங்கள்.

21. சுகர் முழுசா குணமாகும்னு சொல்றாங்களே, பொய்யா?

குணம் என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. தணிவு உண்டு: மருந்து நிறுத்தி மூன்று மாதம் ஆன பிறகும் எச்பிஏ1சி 6.5க்குக் கீழே நிற்பது. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில், நோய் தெரிந்து ஆறு ஆண்டுக்குள் இருந்து, இன்சுலின் போடாதவர்களுக்குச் சில மாதங்கள் நாளுக்கு 850 கலோரி அளவில் உணவு கொடுத்தார்கள், மருத்துவக் கண்காணிப்போடு. 2017இல் வந்த முடிவில், ஓராண்டில் 46 சதவீதத்தினர் தணிவு நிலைக்கு வந்திருந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம். இரண்டாம் ஆண்டில் மொத்தக் கணக்கு 36 சதவீதமாக இறங்கியது. எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்புகிறது. ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவருக்கு இந்தக் கணக்கை அப்படியே போட முடியாது.

முதல் கேள்விக்காரர் இதைக் கேட்டால், அவருக்கு இன்னும் நல்ல செய்தி இருக்கிறது. 2002இல் வந்த அமெரிக்க ஆய்வில் முன்நீரிழிவுக்காரர்கள் 3,234 பேர். எடையில் 7 சதவீதக் குறைப்பு, வாரம் 150 நிமிட நடை என்ற இலக்கோடு இருந்தவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கு 31 சதவீதம்.

22. என் பொண்ணுக்கு டைப் 1. வயசு ஒன்பது. இன்சுலினுக்குப் பதிலா ஏதாவது?

எதுவும் இல்லை. இதில் மட்டும் நான் சுற்றி வளைத்துப் பேசுவதில்லை. முதல் வகையில் இன்சுலின் சுரக்கும் செல்களே அழிந்துபோகின்றன. மேலே சொன்ன எந்தப் பொருளும் இல்லாத இன்சுலினை உண்டாக்காது. இன்சுலின் கிடைப்பதற்கு முன் இந்தக் குழந்தைகளுக்கு ஃபிரெடெரிக் ஆலன் என்ற மருத்துவர் வகுத்த பட்டினி உணவுதான் சிகிச்சை, எலும்பும் தோலுமாகச் சில மாதங்கள், சில ஆண்டுகள் கூடுதலாக உயிர் தள்ளுவதற்கு. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போட்டபோது அவனும் அந்த நிலையில்தான் இருந்தான். உணவைச் சீராக்கினால் ஊசி அளவு கணக்கிடச் சுலபமாகும். ஊசியை ஒரு நாளும் விடக் கூடாது.

23. அப்பா எல்லா மாத்திரையையும் நிறுத்திட்டு மூலிகை மட்டும் சாப்பிடறார். சொன்னா சண்டைக்கு வர்றார். என்ன செய்யறது?

மூலிகையை விடச் சொல்லாதீர்கள், தோற்றுப்போவீர்கள். மாத்திரையையும் தொடரட்டும் என்று மட்டும் கேளுங்கள். ஏன் நிறுத்தினார் என்று விசாரியுங்கள். பலரிடம் கேட்டதில் கொள்கையெல்லாம் பெரும்பாலும் பின்னால்தான் வருகிறது. மாத்திரையால் வயிறு கலங்கியது, அதை யாரிடமும் சொல்லக் கூச்சம். மெட்ஃபார்மினை மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினால் அது பலருக்குச் சரியாகிவிடும், ஒரு வார்த்தை சொன்னால் மருத்துவர் மாற்றித் தருவார்.

மீட்டரை அவர் கையிலேயே கொடுங்கள். 19ஆம் கேள்வியில் சொன்ன முறையில் அவரே எழுதி வைக்கட்டும், நீங்கள் எட்டிப் பார்த்து விமர்சிக்க வேண்டாம். கண்ணெதிரே தான் எழுதிய எண்ணோடு யாரும் சண்டை போடுவதில்லை. ஆனால் தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மூச்சு வாங்குதல், பேச்சில் குழப்பம் இருந்தாலோ, எண் 300க்கு மேலேயே நின்றாலோ பொறுமைக்கு நேரமில்லை. சண்டை வந்தாலும் வரட்டும், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அந்த மூலிகை டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.